கருவேலம் பிசினும் கடம்பூர் வெள்ளச்சியும்

அன்று கடம்பூரில் அந்த வீட்டு முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "நான் அங்கன இல்லவே இல்ல" என்று நழுவிவிடக் கூடாது. நான். என் அம்மா. அக்கா. அக்காவின் வீட்டுக்காரரான என் அத்தான். பெண்ணின் அப்பா, அம்மா. காபித் தட்டோடு பெண். ஆக ஏழு பேர். எட்டாவதாக வந்தவளை யாரும் அழைக்கவில்லை. நடந்தது முழுக்க அவளால்தான்.

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தேன். (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். கேட்கிறவர்கள் நான் மேசை போட்டுக் கையெழுத்துப் போடுகிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்த மாட்டேன். பண்டல் கட்டுகிற வேலை.) படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை ஒன்பதாம் வகுப்பில்தான் சொல்லித் தருவார்கள் போல. அது தெரியாததால் நான் எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன். மழை பெய்தால் தீக்குச்சி காயாதே என்று கவலை. பெய்யாவிட்டால் ஊரில் விதைத்த பருத்தி காய்ந்துவிடுமே என்று கவலை. பெய்யுமா பெய்யாதா என்று தெரியாத நாட்களில் என் தலைமுடியைப் பற்றிக் கவலை.

என் முடி சுருட்டை. அலை அலையாக நெளியுமே, அந்தச் சுருட்டை இல்லை. பிடுங்கிக் குவித்த பருத்திமார்க் குச்சி மாதிரி. சீப்பு உள்ளே போனால் பல் இல்லாமல்தான் திரும்பி வரும்.

கடம்பூர்ப் பெண்ணின் போட்டோ வந்தது. அந்தக் காலத்தில் போட்டோவில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ திட்டியது போல நிற்பார்கள். இந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்தப் போட்டோ என் சட்டைப் பையை விட்டு வெளியே போகவில்லை. கட்டினால் இந்தப் பெண்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அத்தான் ஒரு சேதி கொண்டுவந்தார்.

"மாப்ள, பொண்ணோட அப்பா முடியப் பாத்துதான் ஆள எடை போடுவாராம்லா. போன மாசம் ஒரு பையனத் திருப்பி அனுப்பிட்டாவ. சுருட்ட முடியாம். முன்கோவக்காரனா இருப்பான்னு சொல்லிட்டாவளாம்."

"யாரு அத்தான் சொன்னா?"

"டீக்கடைல பேசிக்கிட்டாவ."

அவ்வளவுதான். மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. தேங்காய் எண்ணெய் வைத்தேன். ஒரு மணி நேரம் படிந்து கிடந்துவிட்டு, முடி மறுபடி எழுந்து நின்றது. விளக்கெண்ணெய் வைத்தேன். தலையணைதான் படிந்தது. கடைசியில் பேன்சி ஸ்டோருக்குப் போய் ஒரு ஷாம்பு பாட்டிலைக் கையில் எடுத்தேன். அதில் இருந்த பெண்ணுக்கு முடி அருவி மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது சுருட்ட முடிக்கு ஆகுமா?"

"தலைமுடிக்கு ஆகும்னு போட்டிருக்கு. ஒனக்குத் தல இருக்குல்லா? எடுத்துட்டுப் போ."

எங்கள் கிணற்றின் உப்புத் தண்ணீருக்கு அது நுரைக்கவே இல்லை. காய்ந்த பிறகு முடி முன்னைவிட இரண்டு மடங்கு விரிந்தது. வாசல் நிலையில் இடிக்காமல் வர வேண்டுமே என்று அதற்கும் ஒரு கவலை.

பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள், ஆபீசில் கணக்குப்பிள்ளை கவர் ஒட்டுவதைப் பார்த்தேன். கருவேலம் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்த பாட்டில். ஒரு தடவு தடவினால் காகிதம் அசையாமல் கிடக்கிறது. காகிதத்தை அடக்குகிறது, முடியை அடக்காதா? (எட்டாம் வகுப்பு மூளை. இதற்கு மேல் அதைக் குறை சொல்லவில்லை.) கரிசக்காட்டில் கருவேலமரத்துக்கா பஞ்சம்? அன்று சாயங்காலமே ஒரு கை பிசின் சுரண்டிவந்து செம்பில் ஊறப்போட்டேன்.

காலையில் தேய்த்து வாரினால், முடி அப்படியே படிந்தது! கண்ணாடியில் யாரோ ஒரு வாத்தியார் தெரிந்தார். எனக்கே மரியாதை வந்துவிட்டது.

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தேன். வெயிலும் காற்றும் சேர்ந்து பிசினை இறுக்கின. புருவத்தைத் தூக்கினால் மொத்தத் தலையும் சேர்ந்து நகர்ந்தது. வழியில் பறந்த கரிசல் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. அம்மா ஆசையாக என் தலையைத் தடவ வந்தவள், விரலால் தட்டிப் பார்த்தாள். டொக் என்றது.

"ஏலே, தலைல என்னத்தலே அப்பியிருக்க?"

"எண்ணெய்ம்மா."

"எண்ணெ சத்தம் போடுமாலே?"

பெண் வீட்டில் என்னைக் கொல்லைப்பக்கக் கதவுக்கு முதுகைக் காட்டி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தின்ன இனிப்புப் போலி வந்தது. நெய் வழிந்தது. எனக்கு வியர்வையும் வழிந்தது. பிசின் இளகி ஒரு கோடாக நெற்றியில் இறங்கியது. பெண் காபித் தட்டோடு வந்து நின்றாள். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு. நான் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தேன். திருப்பினால் விரிசல் விடுமோ என்று பயம்.

அப்போது என் பின்னந்தலையில் சூடாக, சொரசொரப்பாக ஏதோ ஒன்று படிந்தது.

வெள்ளாடு. கருவேலம் பிசினென்றால் ஆட்டுக்கு அல்வா மாதிரி. வேலிக்கு வேலி தேடி அலைகிற பொருள், அன்றைக்கு வீடு தேடி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நக்கியது. பிறகு கடித்தது. பிறகு இழுத்தது. விடுபட்ட சுருள்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

நான் கத்தியிருக்க வேண்டும். எழுந்தாவது இருக்க வேண்டும். ஆனால் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். சுருட்டை முடிக்காரன் முன்கோபக்காரன். இப்போது ஆட்டை அதட்டினால் அது உண்மையென்று ஆகிவிடும். பெண் போய்விடும். ஆகவே அசையாமல் உட்கார்ந்து, கண்ணில் நீர் நிற்க, புன்னகையோடு போலியைத் தின்றேன். அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டாள். அம்மா ஏதோ சாமியைக் கும்பிட்டாள்.

"ஏட்டி வெள்ளச்சி! விடுட்டி! அது தல!"

தட்டைப் போட்டுவிட்டுப் பெண்தான் ஓடிவந்தாள். ஆட்டின் காதைப் பிடித்து இழுத்தாள். அது ஒரு கை முடியோடு என்னை விட்டது. பெண் என் தலையைக் குனிந்து பார்த்தாள்.

"கருவேலம் பிசினா? இத எதுக்குத் தலைல தேச்சீங்க?"

கல்யாணத்துக்கு முன் அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

பெண்ணின் அப்பா என்னையே உற்றுப் பார்த்தார். "தம்பி, ஆடு தலைய மேயுது. ஒரு சத்தம் போடக் கூடாதா?"

"கோவக்காரன்னு நெனச்சிருவீங்களோன்னுதான் மாமா. சுருட்ட முடிக்காரனுக்குப் பொண்ணு தர மாட்டீங்கன்னு அத்தான் சொன்னாவ."

"நானா சொன்னேன்? போன மாசம் வந்தவன் இதே வெள்ளச்சிய எட்டி மிதிச்சான். வாயில்லாச் சீவன மிதிக்கிறவனுக்குப் பொண்ணு கெடையாதுன்னேன். அவன் முடிய யாரு பாத்தா?"

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அத்தான் போலியைப் பார்த்தார்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் இரண்டு குடம் என் தலைக்குச் செலவானது. (அந்த வருஷ வறட்சியில் அது சீரோடு சேர்த்தி.) பிசின் போய்விட்டது. பின்னந்தலையில் ஆடு மேய்ந்த இடம் மட்டும் தேங்காய் மூடி அகலத்துக்குத் தெரிந்தது. நாவிதரைக் கூப்பிட்டு, மேடு பள்ளம் தெரியாமல் ஒட்ட வெட்டச் சொன்னார்கள். கூலி ஒன்றரை ரூபாய். அத்தானிடம் நூறு ரூபாய் நோட்டு ஒன்று, அதற்குச் சில்லறை அந்தத் தெருவிலேயே கிடையாது. என்னிடம் பஸ்ஸுக்கு மட்டும்தான். பெண் உள்ளே போய், தன் பால் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வெள்ளச்சியின் பால் காசு.

கல்யாணப் போட்டோவில் என் தலை முளைகட்டிய பயறு மாதிரி இருக்கும். முடி வளர்ந்ததும் பராமரிப்பை அவளே எடுத்துக்கொண்டாள். "ஒங்க முடிக்கு ஷாம்பும் ஆகாது, பிசினும் ஆகாது. எங்க அம்மைக்கும் இதே முடிதான்." செம்பருத்தி இலையைக் கசக்கித் தேய்த்து அலச வேண்டும். ஈரம் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் வார வேண்டும். காய்ந்த பிறகு கை வைக்கவே கூடாது. நான் மூன்று வாரம் பட்டினி கிடந்து தேடியது இவ்வளவுதான்.

இன்றைக்கும் எந்த விசேஷ வீட்டிலாவது ஆட்டுச் சத்தம் கேட்டால், மச்சான்மார்கள் ஓடிவந்து என் தலையில் துண்டைப் போடுவார்கள். அத்தான்தான் முதலில் ஓடிவருவார். பொங்கலுக்குப் பொங்கல் நான் அந்தப் பால் காசுக்கான சில்லறையை அவளிடம் நீட்டுவேன். அவள் வாங்க மாட்டாள்.

"கெடக்கட்டும். கடன் இருந்தாத்தான் ஆளு சொன்ன பேச்சக் கேக்கும். நீங்க போய்த் தலைய நனைச்சுட்டு வாங்க, வாரிவிடுதேன்."

பாக்கி, ஒரு ரூபாய் ஐம்பது காசு.