பேரையும் எடுத்தாச்சு

"மொத்தமே ஏழு பேர்தான் வந்திருக்காங்களா?" என்று கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள் மனைவி.

"அதுல அஞ்சு நான்," என்றார் நம்மாள். "ஒண்ணு நீ. இன்னொண்ணு இன்டர்நெட் சரிபண்ண வந்த லைன்மேன். லைன் வருதான்னு என் பக்கத்தைத் திறந்து பாருங்கன்னு நான்தான் சொன்னேன்."

நம்மாளுக்கு அச்சகத்தில் வேலை. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத காகிதம், அதை வடிவமைப்பவர் அவர்தான். எறும்பே கண்ணாடி கேட்கும் எழுத்து. பதினோரு வருடம் அதில் குப்பை கொட்டியாயிற்று. இனி சொந்தமாக வடிவமைப்புத் தொழில்தான் என்று முடிவெடுத்து, அதற்காகவே இந்த இணையப் பக்கத்தைத் தொடங்கியிருந்தார்.

"வாரத்துக்கு நூறு பேர் வந்தா வேலையை விட்டுடுவேன்," என்று சொல்லியும் வைத்திருந்தார். ஏழு என்றதும் மனைவிக்கு உள்ளுக்குள் நிம்மதி.

"முதல்ல அந்த போட்டோவை எடுங்க. கூப்பிடாத விசேஷத்துக்கு வந்தவர் மாதிரி நிக்கிறீங்க."

எடுத்தார். அடுத்த வாரம் பத்தொன்பது பேர்.

"பாத்தியா? இத்தனை நாளும் என் மூஞ்சிதான் வாசல்ல நின்னு விரட்டியிருக்கு."

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. எடுக்க எடுக்க ஆள் வருகிறது. கலர் பட்டைகளை எடுத்தார், முப்பத்தெட்டு. தன் மாத்திரைக் காகிதங்களின் படங்களை எடுத்தார், அறுபத்தொன்று. 'இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு எளிமையானது' என்று ஒரு விளக்கக் கட்டுரை இருந்தது.

"எளிமைக்கு நாலு பக்கமா?" என்றாள் மனைவி.

அதையும் எடுத்தார். எண்பத்து நாலு. மிச்சம் இருந்தது அவர் பேரும் போன் நம்பரும்தான். நம்பரில் கை வைத்ததும் மனைவி பதறினாள்.

"அப்புறம் எப்படிக் கூப்பிடுவாங்க?"

"வேணுங்கறவங்க தேடி வருவாங்க."

"நம்பர் இருந்தப்பவே ஒருத்தரும் கூப்பிடலையே?"

"அசந்துபோய் உக்காந்திருப்பாங்க."

நூற்றுப் பன்னிரண்டு.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். வெள்ளைத் தாளின் நட்டநடுவே 'போகிறேன்' என்று ஒரே ஒரு சொல். மேனேஜர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னாலும் ஒன்றும் இல்லை. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை தடுத்துப் பார்த்திருக்கலாம் என்று நம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த வேகத்திலேயே வீட்டுக்கு வந்து இணையப் பக்கத்திலிருந்து பேரையும் எடுத்தார். சுத்த வெள்ளை. இனி எடுக்க ஒன்றுமில்லை.

மனைவி இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவருக்கும்தான்.

மறுநாள் காலையில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் குரல் கேட்டது.

"அந்த வெள்ளைப் பக்கம் வெச்சிருக்கற சார் வீடு இதுதானே?"

நம்மாள் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். 'சொன்னேன் இல்ல?' என்றது பார்வை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

தோளில் ஒயர்ச் சுருளோடு அதே இன்டர்நெட் லைன்மேன் நின்றிருந்தார்.

"சார், எந்த வீட்ல லைன் மாட்டினாலும் நாங்க அத்தனை பேரும் உங்க பக்கத்தைத்தான் திறந்து பாப்போம், ஒண்ணுமே இல்லாததால டக்குனு வந்துடும், நேத்து அந்தப் பேரையும் எடுத்துட்டீங்க, இப்ப லைன் வந்துச்சா இல்லையான்னே தெரியல சார்."