கேக்குக்குக் காது கொடுத்த சொல்தா

மாதா கோயில் மணிக்கு அடுத்தபடியாக எங்கள் வில்லியனூர் முழுவதும் கட்டுப்பட்டது ஒரே ஒரு குரலுக்குத்தான். அது சொல்தாவின் குரல். மணியாவது நேரத்துக்கு அடிக்கும். சொல்தா எப்போது அதட்டுவார் என்று யாருக்கும் தெரியாது.

சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, சைகோன் போய், பென்ஷனோடு திரும்பிய எல்லோரையும் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் ஊரில் நாலைந்து சொல்தாக்கள் இருந்தார்கள். ஆனால் மொட்டையாக 'சொல்தா' என்றால் அது இவர் ஒருவர்தான். மற்றவர்கள் துப்பாக்கி பிடித்தவர்கள். இவர் பட்டாளத்துச் சமையல்கட்டில் இருபது வருஷம் கரண்டி பிடித்தவர். துப்பாக்கி பிடித்தவர்களைக் கண்டு ஊரில் ஒரு கோழிகூட ஒதுங்கியதில்லை. இவர் வந்தால் பஸ்ஸே ஒதுங்கும்.

மடித்துக் கட்டிய கைலி, அதற்கு மேலே பித்தளைப் பொத்தான் வைத்த பட்டாளத்துக் கோட்டு, காலில் பூட்ஸ். இதுதான் கோடையிலும் மழையிலும் அவர் உடுப்பு. தார் டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டிக் களிமண் பூசி, வீட்டு வாசலிலேயே அடுப்பு போட்டிருந்தார். கீழே கரி நெருப்பு, மூடி மேலேயும் கரி நெருப்பு, நடுவில் கேக்கு. வில்லியனூர் கொம்யூனில், அதாவது சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம், கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கேக்கு வேண்டுமென்றால் அந்த டிரம்மை விட்டால் வேறு வழி கிடையாது.

வெந்துவிட்டதா என்று பார்க்க உலகத்தில் எல்லோரும் ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். சொல்தா குத்த மாட்டார். "உன்ன ஒருத்தன் குத்தினா சும்மா இருப்பியா நீ?" என்பார். கேக்குத் தகரத்தை வெளியே எடுத்து, டாக்டர் குழாய் வைப்பதுபோல் அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே 'சொய்' என்று சத்தம் வந்தால் இன்னும் வேக வேண்டும். சத்தம் அடங்கினால் வெந்துவிட்டது.

அவர் காது வைக்கும்போது தெருவில் வேறு சத்தம் இருக்கக் கூடாது. "சிலான்ஸ்" என்று ஓர் அதட்டல் போடுவார். மாட்டு வண்டி நிற்கும். ஆட்டுக்கல் நிற்கும். அழுகிற குழந்தையின் வாயைத் தாய் பொத்துவாள். ஒரு தடவை கட்சி ஊர்வலம் ஒன்று கொடியும் கோஷமுமாக வந்தது. பிரெஞ்சுக்காரன் போனபின் ஊர்வலத்துக்கா பஞ்சம்? சொல்தா கேக்கிலிருந்து காதை எடுக்காமல் ஒரு கையை மட்டும் தூக்கினார். அவ்வளவுதான். நூறு பேரும் 'ஒழிக, ஒழிக' என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்து போனார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. எந்தக் கேக்கு வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது. அவர் ஒரு துண்டு கொடுப்பார். நாம் தின்ன வேண்டும். அவர் நம் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, இந்தக் கல்யாணத்துக்கு இந்தக் கேக்கு என்று தீர்ப்புச் சொல்வார். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை ரோஜாப்பூ வைத்த கேக்கு வேண்டும் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். சொல்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ரோஜாவா? உனுக்குப் பன்னு போதும் போ." அந்த மாப்பிள்ளை பேரன் பேத்தி எடுத்துவிட்டார். இன்றைக்கும் ஊரில் அவர் பெயர் பன்னுதான்.

இந்தச் சொல்தா தன் கேக்கை வாயில் வைத்து மட்டும் யாரும் பார்த்ததில்லை. கொத்தனார் தான் கட்டின வீட்டிலெல்லாம் குடியிருக்கிறாரா என்ன என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு வந்த இரண்டாவது தவக்காலத்துக்கு முன்னால், சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை எனக்குக் கல்யாணம் என்று பேசினார்கள். நான் நெல் மில்லில் வேலை. பெண் பாகூர், பெயர் பிலோமினா. பெண் பார்க்கப் போனபோது அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நான் பார்த்தது அவள் வகிட்டை மட்டும்தான். அந்த வகிடே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவள் அப்பா கொம்யூன் ஆபீசில் ரைட்டராக இருந்தவர். அவருக்கு என் மில்லும் பிடிக்கவில்லை, மில்லில் தவிடு படிந்த என் தலையும் பிடிக்கவில்லை. ஆனாலும் சம்மதித்தார். ஒரே நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை வீட்டார் கேக்கு கொண்டுவர வேண்டும். மூன்றடுக்கு. வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும். உச்சியில் ஒரு ஜோடிப் புறா. மூத்த மகளுக்குப் பட்டணத்தில் அப்படித்தான் வெட்டினார்களாம். "அந்தக் கேக்க முன்னாடியே நான் பாக்கணும். புடிக்கலன்னா ஈஸ்டருக்கு அப்பால யோசிப்போம்" என்றார்.

தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரை நாற்பது நாள். அந்த நாற்பது நாளைக்குள் நுழையப் பட்டணத்தில் ஒரு வரன் காத்திருந்தான். கைக்கடிகாரம் கட்டின வரன். நான் மாதா கோயிலில் முழங்கால் போட்டு, "தாயே, அந்தக் கடிகாரம் நின்று போகட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். அப்புறம் அப்பாவும் நானும் சொல்தாவிடம் போனோம்.

"அண்ணே, மூணு அடுக்கு, வெள்ளையா, மேல புறா..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"யார் துன்னப் போறது? ரைட்டரா, பொண்ணா?"

"பொண்ணுதாண்ணே."

"அப்ப பொண்ண இட்டுகினு வா. மொகத்தப் பாத்துதான் நான் சொல்லுவேன்."

"கல்யாணத்துக்கு முன்னால பொண்ண எப்பிடிண்ணே மாப்ள ஊருக்கு இட்டுகினு வரது? ஊரு சிரிக்காதா?"

சொல்தா யோசித்தார். "செரி. பொண்ணு வரலன்னா கேக்கு போவட்டும். மூணு கேக்கு போடறேன். பொண்ணு மூணையும் துன்னட்டும். டேய் மாப்ள, சைக்கிள் மிதிப்பியா?"

இப்படியாக, உலகத்திலேயே முதல் தடவையாக, மாப்பிள்ளை போவது போலவே கேக்கு பெண் பார்க்கப் புறப்பட்டது. நான் சைக்கிள் மிதிக்க, பின்னால் சொல்தா கோட்டும் பூட்ஸுமாக உட்கார்ந்து, மடியில் தகரப் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் மூன்று கேக்குகள். ஒன்று முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்துப் பூசியது. ஒன்று ரவையும் திராட்சையும் போட்டு ரம்மில் ஊறவைத்தது. மூன்றாவது வெறும் வெண்ணெய்க் கேக்கு, மேலே ஒன்றுமே இல்லாதது. பள்ளத்தில் சைக்கிள் இறங்கும்போதெல்லாம் என் முதுகில் ஒரு குத்து விழும். "கேக்குக்கு வலிக்குதுடா" என்பார்.

தவளக்குப்பம் வரை ஆபத்தில்லை. ஆனால் எங்கள் புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கிற ஊர் இல்லையே. கடலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் சென்னை ராஜ்யம். அதைத் தாண்டினால் மறுபடி நம் பாகூர். நம் பக்கம் சாராயக் கடை திறந்திருக்கும். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில் மதுவிலக்கு. அந்த இடத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

மூத்தவர் பெட்டியைத் திறந்து மூக்கை நுழைத்தார். "ஏம்பா, சரக்கு வாசனை அடிக்குதே?"

"பலகாரம்" என்றார் சொல்தா.

"பலகாரத்துல ஏன்யா ரம் வாசனை வருது? நடங்க ஸ்டேஷனுக்கு."

 பட்டணத்து வரனின் கைக்கடிகாரம் டிக் டிக் என்று ஓடுகிற சத்தம் என் காதில் கேட்டது. சொல்தா பூட்ஸை ஒன்றோடொன்று தட்டி நிமிர்ந்து நின்றார். "இத்த யாராலயும் குடிக்க முடியுமா? முடியாது. அப்ப எப்பிடி சரக்காவும்? துன்னு பாரு. போதை வந்தா என்னப் புடிச்சுகினு போ."

சட்டப்படி அது நியாயமாகத்தான் பட்டது. மூத்தவர் ஒரு துண்டு தின்றார். போதை வரவில்லை. இன்னொரு துண்டு தின்றார். சாட்சிக்கு இளையவரும் தின்றார். காத்திருந்தார்கள். ஒன்றும் வராததால் மீதியையும் தின்றார்கள். பிறகு இளையவர், ரம் போடாத கேக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே வித்தியாசம் புரியும் என்று ஒரு சந்தேகம் கிளப்பினார். வெள்ளைக் கேக்கும் போயிற்று. மூன்றாவதின் மேல் கை வைக்கப் போனபோது சொல்தா பெட்டியை மூடிவிட்டார். "விசாரண முடிஞ்சுது" என்றார்.

பாகூர் போய்ச் சேர்ந்தோம். ரைட்டர் நடு வீட்டில் நாற்காலி போட்டு, சொந்தக்காரர் நாலு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காத்திருந்தார். சொல்தா பெட்டியைத் திறந்தார். உள்ளே மொட்டையாக அந்த வெண்ணெய்க் கேக்கு, சைக்கிளில் குலுங்கி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"இன்னாபா இது?" என்றார் ரைட்டர். "மூணு வருதுன்னு சொன்னாங்க. எதுன்னு பாத்து எடுக்கலாம்னு ஒக்காந்துகினுகீறேன்."

"ரெண்ட சர்க்காரு சாப்ட்டுச்சு" என்றார் சொல்தா.

சொந்தக்காரர் ஒருவர் சிரித்தார். ரைட்டர் சிரிக்கவில்லை. கேக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "செரி, மொதல்ல நீ ஒரு துண்டு சாப்டு. அப்பால நாங்க சாப்டறோம்."

"நான் துன்ன மாட்டேன்."

"ஏன்?"

 வில்லியனூரையே வாய் மூட வைத்தவர் வாயடைத்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ரைட்டர் எழுந்தார். "சமைச்சவனே துன்னாத பண்டத்த என் பொண்ணு துன்னணுமா? தம்பி, ஈஸ்டருக்கு அப்பால பாக்கலாம், போய் வாங்க."

நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அப்போது சொல்தா தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னார்.

"சைகோன்ல ஜொரத்துல கெடந்தேன் ரைட்டரே. பக்கத்துக் கட்டில்ல கெடந்தவங்கல்லாம் போயிட்டானுங்க. ஊரு மண்ண மிதிச்சா இனிப்பே நாக்குல வெக்க மாட்டேன்னு மாதாவுக்கு நேர்ந்துகினேன். மிதிச்சிட்டேன். அதான்."

வீடு அமைதியாகிவிட்டது. யாரும் 'சிலான்ஸ்' சொல்லவில்லை. காதை வைத்துக் கேட்டதும், தின்கிறவர் முகத்தையே பார்த்ததும் ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதருக்கு நாக்கு இருந்தும் இல்லை.

உள்கதவு திறந்தது. பிலோமினா வந்தாள். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு மென்றாள். சொல்தா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். முதல் தடவையாக நானும் பார்த்தேன்.

"உப்பு இல்ல" என்றாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. சொல்தாவிடம் குறை சொன்னவர் ஊரிலேயே கிடையாது.

"கேக்குக்கு எதுக்கும்மா உப்பு? சைகோன்ல நான் உப்பே போட்டதில்ல" என்றார் அவர்.

"அங்க வெண்ண எங்கேருந்து வரும் பெரிப்பா?"

"டின்ல வரும். கப்பல்ல. இங்க வந்தும் அந்த டின்னுதான். கொடி எறங்கினப்பறம் அது வரதில்ல. இப்ப நம்ம ஊரு மோருக்காரிகிட்ட..." சொல்தா பாதியில் நிறுத்தினார். "டின் வெண்ணைல உப்பு இருந்துது" என்றார் தனக்குத்தானே.

ஒரு வருஷத்துக்கு மேலாக வில்லியனூர் முழுவதும் உப்பில்லாத கேக்கைத் தின்று, பயத்தில் பல்லைக் காட்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்து ருசி கண்டுபிடித்த சொல்தாவும் அந்தப் பல்லை நம்பியிருக்கிறார். நானும் காட்டியவன்தான்.

"ஒரு சிட்டிக போட்டா போதும் பெரிப்பா. மத்தபடி நல்லாகீது" என்றாள் பிலோமினா. பிறகு ரைட்டரிடம் திரும்பினாள். "அப்பா, எனக்கு அடுக்கு வேணாம். புறாவும் வேணாம். இந்தக் கேக்கு போதும். திங்கக்கெழமையே போதும்."

சொல்தா பூட்ஸைத் தட்டி, அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார். பிரெஞ்சுக்காரன் கொடிக்குக்கூட அவர் அப்படி அடித்திருக்க மாட்டார். ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தானும் ஒரு துண்டு எடுத்தார். "மேல வெள்ளையாவது பூசுவியா, மாட்டியா?" என்றார்.

"பூசறேன். உனுக்காவ" என்றார் சொல்தா.

திங்கட்கிழமை கேக்கு மாட்டு வண்டியில் வந்தது. வேப்பமரத்தடியில் அதே இரண்டு போலீஸ்காரர்கள். பெட்டிக்குள் மூக்கை நுழைத்த மூத்தவர், "இந்தத் தடவ ஒண்ணும் ஊத்தலியா?" என்று வருத்தத்தோடு கேட்டாராம். பூசை முடிந்து, கேக்கு வெட்டி, பிலோமினா முதல் துண்டை வாயில் வைத்தபோது, கூட்டமெல்லாம் எங்களைப் பார்த்தது. சொல்தா அவள் முகத்தை மட்டும் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் சுவரோரம் திரும்பி நின்று கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரிப் புகை என்றார். பாகூரில் அன்றைக்குக் கரி அடுப்பே எரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் டிரம்மிலிருந்து எந்தக் கல்யாணக் கேக்கும் பிலோமினா ஒரு விள்ளல் தின்று தலையாட்டாமல் தெருவைத் தாண்டியதில்லை. அவர் கண்ணை மூடிய வரைக்கும் நேர்ந்துகொண்டதை மீறவும் இல்லை.

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் இறந்துபோனவர்களைப் பெயர் சொல்லி நினைப்போம். சொல்தாவின் ஞானஸ்நானப் பெயர் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. கேட்கத் தோன்றவே இல்லை. அதனால் பிலோமினா இப்படித்தான் சொல்லி முடிக்கிறாள்: "தாயே, எங்க சொல்தா பெரிப்பாவுக்கு இப்பவாவது ஒரு துண்டு கேக்கு குடுங்க. உப்பு பாத்துப் போடச் சொல்லுங்க."