ராபிகா அத்தைக்குப் போய்ச் சேர்ந்த வணக்கம்

தல்திகோர்கான்,
வெள்ளிக்கிழமை

பாசமுள்ள ஷரிப்பா அக்காவுக்குத் தம்பி குவாண்டிக் எழுதிக்கொள்வது. நீ, அத்தான், பேரப்பிள்ளைகள், இரண்டு பசுக்கள், அந்தக் கடிக்கிற நாய் உட்பட எல்லோரும் அங்கே நலம்தானே? இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ஒன்பது நாளாக நீ போனை எடுக்காதபோது எனக்கு எங்கிருந்து நலம் வரும்? கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

அக்கா, குற்றவாளி நானில்லை, அரசாங்கம். மகன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வட்டாரக் குழுவிலிருந்து ஒரு அம்மாள் முகக்கவசத்தோடு வந்து ஒரு காகிதத்தைக் கொடுத்தார். முப்பது பேருக்கு மேல் கூடாது, பாடகர் கூடாது, வாத்தியக்காரர் கூடாது, மேடைப் பேச்சாளர் கூடாது. நான் சட்டத்துக்குப் பயந்தவன். கோதுமைப் பசை காய்ச்சி, வருகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று வாசல் கதவிலேயே நாலு மூலையும் அழுந்த ஒட்டிவிட்டேன். ஒட்டிய பிறகுதான் யோசித்தேன். பாடகர் இல்லாமல் மருமகளின் முக்காட்டை எப்படி விலக்குவது? நம் பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பாட வேண்டும், பாடப் பாடப் பெண் குனிந்து வணங்க வேண்டும், அதற்குப் பிறகுதானே முகம்? பாட்டில்லை என்றால் மொல்திர் ஆயுசுக்கும் முக்காட்டுக்குள்ளிருந்தே எனக்குத் தேநீர் ஊற்ற வேண்டியதுதான். என் வீட்டுக்காரி ரிஸ்தி சொன்னாள், "நீங்களே பாடுங்களேன். நீங்க பாடுறத எந்த அதிகாரியும் கேளிக்கைன்னு சொல்லமாட்டாரு." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாடகன் சாக்கெனைக் கூப்பிட்டுப் பெயர்களைச் சொல்லி, பாட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். முதல் பெயர் எது என்று நினைக்கிறாய்? 'தாயில்லாத தம்பியைத் தாயாய் வளர்த்த ஷரிப்பா' என்று நானே வரி எடுத்துக்கொடுத்தேன்.

கல்யாணத்தன்று உன்னைத் தேநீர் காய்ச்சும் சமோவாரில் சாய்த்து வைத்திருந்தோம். உன்னை என்றால், நீ இருந்த போனை. சாலையில் சோதனைச் சாவடி போட்டு உங்கள் ஷிம்கென்ட்டிலிருந்து ஒருவரையும் விடவில்லை என்றாலும், நீ நீல வெல்வெட் அங்கியோடு காலையிலிருந்தே தயாராக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மகன் எராசில் ஒலிபெருக்கியைத் திறந்தான். சாக்கெனின் தோம்ப்ராத் தந்திகள் கணகணவென்று முழங்கின. "மூத்தவள் ராபிகா அத்தைக்கு ஒரு வணக்கம்!" மொல்திர் குனிந்தாள். அடுத்து யாரோ தூய்செபாய் தாத்தா. குனிந்தாள். நான் ரிஸ்தியின் காதில், "உங்க பக்கத்துல இத்தனை பேரா? சொல்லவே இல்லியே!" என்றேன். அவள், "எங்க பக்கமா? நான் உங்க பக்கம்னுல்ல நெனச்சேன்!" என்றாள். அதற்குள் ஏழு பேர் முடிந்துவிட்டது. ஆரம்பித்த பாட்டைப் பாதியில் நிறுத்தினால் அபசகுனம் என்று உனக்குத் தெரியாதா? பதினாறு அந்நியர்களுக்கு என் மருமகள் இடுப்பொடியக் குனிந்தாள். கடைசியில் தோம்ப்ராவின் கழுத்தால் விலக்க வேண்டிய முக்காட்டை ரிஸ்தி மாவு தேய்க்கும் கட்டையால் விலக்கினாள். முகம் அழகாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் சமோவாரில் நீ இல்லை.

பிறகு சாக்கெனைப் பிடித்து உலுக்கியதில் உண்மை வந்தது. "அண்ணே, அந்த வாரம் நாலு கல்யாணத்துக்கு எங்க கார் ஷெட்லயே பாடி அனுப்புனேன். ஒங்களுது தெகெலி ஊர்க் கல்யாணத்துக்குப் போயிடுச்சு, அவங்களுது ஒங்களுக்கு." ஆக, உன் வணக்கம் தொலையவில்லை அக்கா. தெகெலியில் முன்பின் தெரியாத ஒரு பெண் உனக்குத்தான் முதலில் குனிந்திருக்கிறாள். அங்கே பக்கத்து வீட்டில் நிஜமாகவே ஒரு ஷரிப்பா இருந்து, அந்த வரியைக் கேட்டு அழுதே விட்டாளாம். அவளுக்குத் தம்பியே கிடையாதாம். ராபிகா அத்தையோ, "ஒங்க மருமக எனக்கும் மருமகதானே" என்று மொல்திருக்குச் சால்வை அனுப்பியிருக்கிறாள். நல்ல சால்வை.

என் முடிவைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மொல்திர் வந்து, "மாமா, பெரியத்தைக்காக நான் மறுபடியும் முக்காடு போட்டுக்கறேன். பாட்டுக்கு மட்டும் ஏதாவது பண்ணுங்க" என்றாள். அடுத்த வாரம் ஞாயிறு மதியம் போனில் உன் முன்னால் நானே பாடப்போகிறேன். மூன்று நாளாகத் தொழுவத்தில் பழகுகிறேன். பசு பால் குறைத்துவிட்டது. பரவாயில்லை. அம்மா இறந்த வருஷம் உன் செருப்பை எனக்குப் போட்டுவிட்டு நீ வெறுங்காலோடு பனியில் நடந்தாயே, அதற்கு முன்னால் என் மானம் பெரிதல்ல.

அத்தானுக்கு என் சலாம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் கொட்டில் நிறையட்டும், உன் கோபம் குறையட்டும்.

என்றும் உன் தம்பி,
குவாண்டிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மழையடித்துக் கதவுக் காகிதம் உரிந்து விழுந்தது. அதற்கு மறுபக்கமும் இருந்திருக்கிறது. 'முக்காடு விலக்கும் சடங்குக்கு மட்டும் முகக்கவசத்துடன் ஒரு பாடகருக்கு அனுமதி உண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆகவே மேலே அரசாங்கம் என்று எழுதிய இடத்தில் குவாண்டிக் என்று படித்துக்கொள். ரிஸ்தி அப்போதே சாக்கெனை வரச் சொல்லிவிட்டாள், பசுவும் நிம்மதியாக இருக்கிறது. மற்ற பெயர்களையெல்லாம் அவன் பாடட்டும். உன் பெயரை நான்தான் பாடுவேன். போனை எடு அக்கா.