ஆடி மாசத்து அக்ரிமெண்ட்

இந்த வருஷம் புரோக்கர் வேதாசலத்துக்குப் பத்துப் பைசா கிடையாது என்று ஏகாம்பரம் சபதம் போட்டார். வீட்டில் மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை. பஜார் முழுக்கப் போட்டுவிட்டு வந்தார்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கடை. அதில் ஷாரோன் தையல் மெஷின் போட்டிருந்தாள். பதினோரு மாதத்துக்கொரு முறை அக்ரிமெண்டைப் புதுப்பிக்க வேண்டும். அதே கடை, அதே ஷாரோன். ஆனாலும் வேதாசலம் நடுவில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிப் போவார். டீக்காசும் ஏகாம்பரத்துடையதுதான். வயிறு எரியாதா?

"அந்தக் கமிஷன எனக்குக் குடுய்யா. நான் பேசி முடிக்கிறேன்," என்றாள் மனைவி பாஞ்சாலி.

"உனக்கு இன்னாடி தெரியும்? இது பிசினஸ்!"

"சரி, நீயே போய்க் கியிச்சுக்கினு வா."

நாஷ்டா முடிந்ததும் சலவை வேட்டியில் கிளம்பினார் ஏகாம்பரம்.

"இன்னாம்மா ஷாரோன், வேற பார்ட்டி ரெடியா கீது. வாடகைய ஏத்து. இல்லாங்காட்டி காலி பண்ணு."

பார்ட்டியாவது ஒன்றாவது! சும்மா ஒரு மிரட்டல்.

ஷாரோன் மெஷினை நிறுத்தவேயில்லை. "சரிண்ணா. பதினெட்டாம் பெருக்கு முடிஞ்சதும் காலி பண்ணிடறேன்."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது, இது ஆடி மாதம். ஆடியில் எவன் புதுக்கடை போடுவான்? ஆடியில் பூட்டு தொங்கினால், ராசியில்லாத கடை என்று ஆவணியிலும் ஒருத்தன் எட்டிப் பார்க்க மாட்டான். கடனில் வாங்கிய டிராக்டரின் தவணையோ அந்த வாடகையில்தான் ஓடுகிறது. வேதாசலத்திடம் போகலாமென்றால், பஜாரே சிரிக்கும். ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"பாஞ்சாலி, பேஜாராப் பூட்ச்சு. நீ போய்ப் பேசேன்."

"கமிஷன்?"

"பொண்டாட்டிக்குமா?"

"இன்னா பண்றது, இது பிசினஸ்!"

தலையாட்டினார். பெருக்கன்றைக்கே வீட்டில் கையெழுத்தானது. வாடகை கொஞ்சம் ஏறியது. ஒழுகுகிற கூரையை ஏகாம்பரம் பழுது பார்த்துத் தர வேண்டும். கடைக்குப் பூட்டு விழவில்லையே, அவருக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

போகும்போது ஷாரோன் வாசலில் தயங்கினாள். "கோச்சுக்காதீங்கண்ணா. காலி பண்றேன்னு சொல்லுன்னு அக்காதான் போன் பண்ணிச்சு. பயந்துக்கினே சொன்னதுல, ஒரு ஜாக்கெட்டே கோணிக்கிச்சு."

ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தார். பாஞ்சாலி கமிஷனை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தாள்.

"மொறைக்காதய்யா. ஆவணி பொறந்ததும் இந்தக் காசுல கடைப் பக்கத்து நம்ம காலி எடத்துல கல்லு எறக்கப் போறேன். எம் பேர்ல இன்னொரு கடை. நல்ல ஆளாப் பார்த்துப் புடிச்சுக் குடு."

ஏகாம்பரத்துக்கு முகம் மலர்ந்தது. "அப்போ எனக்குக் கமிஷன்?"

"ஒரு டீ வாங்கித் தரேன்."