டெஸ்மண்ட் சொன்ன இரண்டு ஆமா

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியாரிடம் முடியாது என்று சொல்லியே தீருவது என்று டெஸ்மண்ட் தீர்மானித்தான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அதைக் கிளாஸ்கோவில் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல்.

டெஸ்மண்ட் தெற்கே, இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் பிறந்தவன். அங்கே மழை பெய்தால் மழை பெய்கிறது என்பார்கள். சென்காவைக் காதலித்து அவள் பின்னாலேயே ஸ்காட்லாந்துக்கு வந்த பிறகுதான், தனக்குத் தெரிந்த பாஷை தனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள், "சேதி வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினாள். யாருக்கு என்ன ஆச்சோ என்று இவன் வாசலிலேயே நின்றான். திரும்பி வந்தவள் கையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும். அந்த ஊரில் மளிகைச் சாமானுக்குச் சேதி என்று பெயர்.

இன்னொரு நாள் அவன் அரசியலைப் பற்றி நீளமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, "உன் பின்பக்கம் ஜன்னலுக்கு வெளிய தொங்குது" என்றாள். பதறிப்போய்த் தடவிப் பார்த்துக்கொண்டான். உளறாதே என்று அர்த்தமாம். உளறாதே என்பதற்குப் போய் இப்படி ஒரு சுற்றுவழியைக் கண்டுபிடித்த ஜனங்களை நினைத்து அந்த வாரம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு திரிந்தான்.

வீட்டில் அவனுக்கென்று இருந்தது பின்னறை ஒன்றுதான். மேஜை முழுக்கப் பொம்மை ரயில். இரண்டு மலை, ஒரு பாலம், இப்ஸ்விச் ஸ்டேஷன் மாதிரியே ஒரு ஸ்டேஷன். ரயில் ஓடினால் ஓடுகிறது என்று அர்த்தம். நின்றால் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நிம்மதி வேறு எங்கும் அவனுக்குக் கிடைத்ததில்லை.

அதற்கும் ஆபத்து வந்தது. மாமியார் ஐசா குடியிருந்த பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். "எங்கம்மா எங்க போவா?" என்று சென்கா கேட்டாள். கேட்கும்போது கண் பின்னறைக் கதவின் மேல் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எந்த பாஷையும் தேவைப்படவில்லை.

எதிர்வீட்டு ஹெக்டரை மாடிப்படியில் பிடித்தான். மனைவியை இழந்தவர், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சென்கா கையால்தான். உயரத்தில் குறைந்த டெஸ்மண்டை அவர் கூப்பிடுவது 'பெரிய மனுஷா' என்று. அந்த ஊரில் எல்லா ஆண்பிள்ளையும் பெரிய மனுஷன்தான்.

"ஐசா கிட்ட முடியாதுன்னு சொல்லப் போறேன்."

"ஏன் பெரிய மனுஷா, உசுரு மேல ஆசை விட்டுப்போச்சா?"

"வேற எப்படிச் சொல்றது?"

"ஆமான்னு சொல்லு."

"அப்ப ரூம் போயிடுமே!"

"ஒரு ஆமா சொன்னாப் போயிடும். ரெண்டு சொல்லணும். 'ஆமா, சரிதான்!' அவ்வளவுதான். நடக்கவே நடக்காதுன்னு அர்த்தம்."

"ரெண்டு ஆமா சேர்ந்தா 'இல்லை'ன்னு ஆயிடுமா?"

"ஆமா."

"இப்ப சொன்னீங்களே, இது எந்த ஆமா?"

ஹெக்டர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு சொல்லிக் கொடுத்தார். 'ஆமா'வை இழுக்க வேண்டும். 'சரிதான்' மூக்குவழியாக வர வேண்டும். ஒரு புருவம் மட்டும் ஏற வேண்டும். டெஸ்மண்டுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு மறுப்பு இல்லை. சம்மதத்தை வைத்தே சம்மதத்தை அடித்து நொறுக்குகிற கலை! இதைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைத்திருக்க வேண்டாமா? பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பொம்மை ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிச் சொல்லிப் பழகினான்.

ஞாயிற்றுக்கிழமை ஐசா வந்தாள். ஒல்லி உடம்பு, ஆரஞ்சுக் கோட்டு, தெருமுனை வரை கேட்கும் குரல்.

"என்ன மாப்ள, மூஞ்சி நனைஞ்ச செருப்பாட்டம் இருக்கு?"

இது அன்பு. இதுகூட அவனுக்குப் புரிந்து சில வருஷம்தான் ஆகிறது.

கொத்துக்கறியும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டு முடித்ததும் சென்கா கரண்டியால் தட்டில் தாளம் போட்டாள். சின்ன வயசில் கயிறு தாண்டிக்கொண்டு பாடிய பாட்டு. ஐசாவும் ஹெக்டரும் உடனே சேர்ந்துகொண்டார்கள்.

"மீனுக்குக் காய்ச்சல், போர்வை எங்கே?
பூனை போத்திட்டுப் போச்சு அங்கே!
டாக்டர் வந்தார், டமாரம் அடிச்சார்,
மீனைத் தின்னுட்டுக் கண்ணைத் துடைச்சார்!"

முடித்ததும் மூவரும் மேஜையை அறைந்து, "போர்வை!" என்று கத்தினார்கள்.

"ஏன் கடைசில போர்வைன்னு கத்தறீங்க?" என்றான் டெஸ்மண்ட்.

மூவரும் அவனையே பார்த்தார்கள். "வேற என்னன்னு கத்தறது?" என்றாள் சென்கா.

மீன் செத்துப்போனதற்கு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே ஐசா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். ஒரே பாட்டில் எப்படி இரண்டும்? டெஸ்மண்ட் கையில் கரண்டியோடு மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"நான் கயிறு தாண்டின முற்றமும் சேர்ந்துதான் இடிபடப்போகுது" என்றாள் ஐசா. ஒரு நொடிதான். உடனே குரல் பழையபடி எகிறியது. "சரி மாப்ள, சுத்தி வளைப்பானேன்? அந்தப் பின்னறையை எனக்குக் குடுக்கறியா?"

வேளை வந்துவிட்டது. டெஸ்மண்ட் நாற்காலியில் சாய்ந்தான். புருவத்தை ஏற்றினான்.

"ஆ...மா. சரிதான்!"

இழுப்பு இருந்தது. மூக்கு இருந்தது. பிறவி கிளாஸ்கோக்காரன்கூட அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. ஹெக்டர் பெருமையில் இருமினார். ஐசாவின் வாய் திறந்தபடி நின்றது.

சென்கா மட்டும் அசையவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. உதட்டோரம் லேசாகத் துடித்ததை அவன் பார்த்தான். அடுத்த கணம் அவள் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"கேட்டியாம்மா? ஆமாங்கறான்! சரிங்கறான்! ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொல்றான்!"

"இல்ல சென்கா, நான் சொன்னது..."

"இப்ஸ்விச்காரன்மா. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வெச்சுப் பேசத் தெரியாத வெள்ளந்தி. இதையே நம்ம ஊர்க்காரன் சொல்லியிருந்தா நக்கல் பண்றான்னு அர்த்தம்." அவள் திரும்பினாள். குரல் தேனாக ஒழுகியது. "ஏன் டெஸ்மண்ட், எங்கம்மாவையா நக்கல் பண்ணினே?"

ஐசா கையில் உருளைக்கிழங்கு மசிக்கிற மத்து இருந்தது.

"சேச்சே" என்றான் டெஸ்மண்ட்.

"ஹெக்டர், நீங்களே சொல்லுங்க. என்ன சொன்னான்?"

ஹெக்டர் அடுத்த வாரக் கொத்துக்கறியை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். "ஆமான்னுதான் என் காதுல விழுந்துது."

டெஸ்மண்டுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் வாரம் முழுக்கத் தீட்டிய கத்தியைச் சென்கா கைமாற்றிப் பிடித்ததே தெரியவில்லை. பெரிய அருவிக்கு முன்னால் தொப்பலாக நனைந்து நிற்கிறவனைப்போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை ஐசாவின் சாமான்கள் வண்டியில் வந்து இறங்கின. தண்டவாளத்தைக் கழற்றிக் கட்டிவிட்டு டெஸ்மண்ட் கீழே வந்தான். சென்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதுதானே?"

"புரியாம என்ன?"

"எப்படி இருந்துச்சு?"

சென்கா தெருவை மேலும் கீழும் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"பரவாயில்ல."

அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. காதலித்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அவனுக்கு அது கிடைத்ததில்லை. டெஸ்மண்டின் காது சிவந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் மாமியாரின் துணி அலமாரியை மூன்று மாடியும் தானே முதுகில் சுமந்து ஏற்றினான்.