கட்டைவிரல் பரிசோதகர்

அமுக்கிப் பார்ப்பவர் என்று ஒரு ரகம் இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்த ரகம்தான். மெத்தைக் கடையில், வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட மெத்தையையும் அமுக்கிவிட்டுத்தான் வெளியே வருவார். 'பெயின்ட் ஈரம், தொடாதீர்கள்' என்று எழுதி மாட்டிய கதவைத் தொட்டுப் பார்த்து, "ஆமா, ஈரமாத்தான் இருக்கு" என்று எழுதியவரின் நேர்மைக்கு நற்சான்று கொடுப்பார். லிப்ட் பொத்தான் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தாலும் தன் பங்குக்கு ஒரு அமுக்கு. இவர்களால் ஊருக்குப் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பப்பாளி ஏற்றுமதியில் ஒருவரைப் பார்க்கிற வரைக்கும்.

நான் அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறவன். ஒரு பப்பாளித் தோட்டத்துக்கு எட்டு வருடமாக என் பெட்டிதான் போகிறது. தோட்டம் நான் சொன்ன அந்த மனிதருடையது. பறித்த பழத்தைக் கழுவி, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கிக் கப்பலுக்கு அனுப்புகிற பேக்கிங் கொட்டகை அவருடைய மருமகள் பொறுப்பு. கப்பலில் போகிற பப்பாளியைப் பழுக்கவிட்டுப் பறிக்கமாட்டார்கள். பச்சைத் தோலில் ஒரு மஞ்சள் கீற்று விழுந்ததும் பறித்து, வெந்நீரில் குளிப்பாட்டி, துடைத்து, நுரை வலையில் சட்டை மாட்டி, ஒன்றையொன்று இடிக்காமல் படுக்க வைப்பார்கள். அந்தக் கொட்டகையில் நகம் வளர்த்தவர்களுக்கு வேலை கிடையாது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். நான்கூட சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

இத்தனை கட்டுக்காவலையும் தாண்டிக் காலை பத்து மணிக்கு மாமனார் உள்ளே வருவார்.

ஒரு பழத்தை எடுப்பார். உள்ளங்கையில் எடை பார்ப்பார். மோந்து பார்ப்பார். காதருகே கொண்டுபோய்த் தட்டுவார், அது ஏதோ ரகசியம் சொல்லப்போகிற மாதிரி. கடைசியாகக் கட்டைவிரல்! சாதாரண விரல் அல்ல அது; எந்தக் காலத்திலோ கத்தி பட்டு நடுவில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்த, தடித்த, அனுபவசாலியான விரல். காம்புக்குச் சற்றுக் கீழே அதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக ஒரு அமுக்கு.

"கெட்டி!" என்பார்.

கெட்டியாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? அது காய் ஐயா! ஆனால் யார் சொல்வது? அடுத்த பழம். மறுபடியும் "கெட்டி!" ஒரு நடைக்கு இருநூறு பழம் தேறும். "மெஷினெல்லாம் என்னத்தக் கண்டுச்சு? இதுக்கு மேல ஒரு மெஷின் இருக்கா?" என்று விரலை நிமிர்த்திக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்.

அமுக்கிய அன்று ஒன்றும் தெரியாது. பச்சைத்தோல் எதையும் வெளியே சொல்லாது. பன்னிரண்டு நாள் கடல் தாண்டி, அக்கரையில் பழுக்க ஆரம்பிக்கும்போதுதான், விரல் பட்ட இடத்தில் கன்றிப்போய்ப் பழுப்பாக ஒரு வட்டம் எழும்பும். வாங்குகிற கம்பெனி போட்டோ போட்டோவாக அனுப்பியது.

உடனே விசாரணை. தலைமை யார்? அவரேதான். இது மண்ணில் வந்த நோய் என்றார். இல்லை, பறிக்கிறவர்களின் அஜாக்கிரதை என்றார். லாரிக்காரர் பள்ளத்தில் இறக்கியிருப்பார் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "உங்க பெட்டியிலதான் ஏதோ குத்துது" என்று சொல்லி, நிரூபிப்பதற்காகப் பெட்டியை அமுக்கிக் காட்டினார். பெட்டியும் அமுங்கியது.

அந்த வாரமே கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. இன்னும் ஒரே ஒரு லோடு பார்ப்பார்களாம். அதிலும் கறை வந்தால் வேறு தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார்களாம். மருமகள் ஆறு வருடம் அலைந்து திரிந்து பிடித்த ஆர்டர் அது. கொட்டகையில் நாற்பது பெண்களுக்கு அதுதான் வேலை.

காரணம் அவளுக்குத் தெரியும். கொட்டகைக்கே தெரியும். ஆனால் மாமனாரிடம் போய் 'கையை எடுங்கள்' என்று எந்த மருமகள் சொல்வாள்? கணவனிடம் சொன்னாள். "நீயே அப்பாகிட்ட பக்குவமா சொல்லிடேன்" என்று அவன் பறிக்கிற இடத்துக்கு நழுவிவிட்டான். மாமியாரிடம் போனாள். "கொடியில காயற துணியை ஒண்ணொண்ணா புழிஞ்சு பாக்கற மனுஷன்மா அவரு. நானும் கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்று அவர் கைவிரித்துவிட்டார்.

மருமகள் லேசுப்பட்டவளா? அவருக்கு இரண்டு கைக்கும் வேலை கொடுத்தாள். "மாமா, நீங்கதான் இனிமே கடைசிப் பரிசோதனை" என்று இடது கையில் அட்டையும் வலது கையில் பேனாவும் திணித்தாள். மனுஷனுக்கு ஏகப்பட்ட பெருமை. ஐந்து நிமிஷம் எழுதினார். பிறகு பேனா காதுக்குப் போனது, விரல் பழத்துக்குப் போனது. மறுநாள், புது விதி என்று சொல்லித் தடிமனான கையுறை மாட்டிவிட்டாள். "ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதேம்மா" என்று அவர் இரண்டு மடங்கு பலமாக அமுக்கினார். முதல் இரண்டு நாளில் அவர் தொட்ட பெட்டிகளை அப்படியே ஒதுக்கிவிட்டு, மூன்றாம் நாள், ஒரு பெண்ணைக் கூடையோடு பின்னாலேயே அனுப்பி, அவர் தொட்டதையெல்லாம் ஒதுக்கச் சொன்னாள். நல்ல யோசனைதான். ஆனால் சாயங்காலம் பார்த்தால் பெட்டிக்குப் போனதைவிடக் கூடைக்குப் போனதுதான் அதிகம்.

நான்காம் நாள் காலை கன்டெய்னர் வாசலில் வந்து நின்றது. இன்னும் முப்பது பெட்டி குறைகிறது. மணி பத்து. மாமனார் கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வருகிறார்.

ஒவ்வொரு லோடிலும் ஒரு பெட்டியை அனுப்பாமல் நிறுத்தி, பழுக்கப் பழுக்க எப்படி ஆகிறது என்று பார்ப்பது கொட்டகை வழக்கம். போன லோடின் பெட்டியிலிருந்து ஒரு பழத்தை மருமகள் எடுத்து வந்தாள். நன்றாகப் பழுத்து, காம்புக்குக் கீழே அந்தப் பழுப்பு வட்டத்தோடு இருந்தது.

"மாமா, இந்த நோய் என்னன்னு கொஞ்சம் பாருங்க. விரலை அது மேல வைங்க."

அவர் சந்தோஷமாக வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. விரலை எடுத்தார். வட்டத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு. தன் விரலைப் பார்த்தார். அதே கோடு.



"இது..."

"ஆமா மாமா."

"எல்லாத்துலயுமா?"

"நீங்க தொட்ட எல்லாத்துலயும்." அவள் பழத்தைக் கீழே வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க மாமா. நாப்பது பேரு வேலை போயிடும். எனக்கு வேற வழி தெரியல."

இத்தனை நாள் உள்ளுக்குள் அவரைக் கேலி செய்துகொண்டிருந்த எனக்கே அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றார். கன்டெய்னர் கதவைச் சாத்திப் பூட்டுப் போடுகிற வரைக்கும் கட்டின கையை அவிழ்க்கவில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்: ஒவ்வொரு பழம் பெட்டிக்குள் போகும்போதும் அந்தக் கட்டைவிரல் மட்டும் தன்பாட்டுக்கு அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தது.

பதினைந்தாம் நாள் செய்தி வந்தது. ஒரு பழத்தில்கூடக் கறை இல்லை. ஆர்டர் தொடர்கிறது. கூடவே, அக்கரைக் கடையில் பழம் அடுக்கியிருக்கிற அழகைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அவரிடம் நீட்டினாள். பார்த்தவர் துள்ளிக் குதித்தார்.

"ஏம்மா, இதைப் பாரு! இவரை யாரும் கேக்க மாட்டாங்களா?"

எட்டிப் பார்த்தோம். படத்தின் ஓரத்தில், கையில் கூடையோடு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர். கட்டைவிரல், காம்புக்குச் சற்றுக் கீழே.

அந்த வாடிக்கையாளரின் முகம் படத்தில் சரியாக விழவில்லை. நீங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை பழக்கடையில் நின்று, "அழுத்திப் பாத்தாத்தானே தெரியும்?" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும்போது, விரலை வைத்த பழத்தையே தயவுசெய்து வாங்கிவிடுங்கள். இதுவரைக்கும் நீங்கள் அமுக்கினது ஒன்று, வாங்கினது வேறொன்று. கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.