கை கழுவத் தண்ணீர்

செம்பாறைச் சீமை என்றொரு நாடு. பக்தியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ராஜா கழுத்தில் தங்கச் சிலுவை, திவான் கழுத்தில் வெள்ளிச் சிலுவை, மற்றவர்கள் கழுத்தில் வியர்வை. ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று ஏரிக்கரை மேடையில், இயேசு சிலுவையில் மரித்த கதையைச் சொல்லும் பாஸ்கா நாடகம் நடக்கும். ஏரி மடையைக் காக்கும் சந்தியாகு பதினோரு வருடமாக இயேசு வேடம் கட்டினான். அவன் மனைவி இன்னாசியம்மாளுக்கு மேடையில் வேடமில்லை. மேடைக்குக் கீழே நிற்கும் ஊர்க்கூட்டத்துக்குப் பத்தொன்பது வருடமாக அவள்தான் தலைவி. தீர்ப்புச் சொல்லும் ஆளுநன் பிலாத்து, இயேசுவையும் ஒரு கள்ளனையும் நிறுத்தி, "யாரை விடுதலை செய்யட்டும்?" என்று கேட்டு, முரசு மூன்று முறை முழங்கியதும், கள்ளன் பெயரை முதலில் அவள்தான் கத்துவாள்: "பரபாஸ்!" ஊர் மொத்தமும் பின்னால் கத்தும். கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கும்.

ஒரு வருடம் ராஜாவே நாடகம் பார்க்க வந்தார். தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார். ஆனால் அவர் மனதில் தங்கியவர் சிலுவையில் தொங்கியவர் அல்ல, அவரைச் சாகக் கொடுத்துவிட்டு, 'இந்தப் பழியில் எனக்குப் பங்கில்லை' என்று கிண்ணத்தில் கை கழுவிய பிலாத்துதான்.

"என்ன சுத்தம்! முடிவும் எடுக்கிறான், பழியும் ஒட்டவில்லை. நம் நிர்வாகத்தில் இந்த ஏற்பாடு ஏன் இல்லை?" என்றார்.

திவான் ஞானாதிக்கம் அன்றைக்கே ஆணை எழுதினார். இனி எந்த அதிகாரியும் உத்தரவு போட்ட கையோடு, மக்கள் முன்னால் கை கழுவ வேண்டும். வரியை உயர்த்திவிட்டுக் கழுவினார்கள். வைத்தியசாலையை மூடிவிட்டுக் கழுவினார்கள். உத்தரவுகள் பெருகியதில் தண்ணீர் போதவில்லை. ஏரியில் மூன்றில் ஒரு பங்கு கைகளுக்கு என்று இரண்டாவது ஆணை வந்தது. மழை பொய்த்த வருடம் மூன்றாவது ஆணை: கைகளுக்குப் போக மிஞ்சினால்தான் குடிக்கவும் வயலுக்கும். மிஞ்சவில்லை. மிஞ்சாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. திவானின் மைத்துனன் தார்சிஸ் அந்தத் தண்ணீரைப் பீப்பாய் பீப்பாயாகப் பக்கத்து நாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தான். ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"வியாழக்கிழம ஆண்டவரு தண்ணி எடுத்தது சீஷங்க காலக் கழுவ," என்றான் சந்தியாகு மனைவியிடம். "மறுநா பிலாத்து எடுத்தது தன் கையக் கழுவ. இத்தன வருசம் செபம் பண்ணி, நம்ம ராசா போயும் போயும் இவனப் புடிச்சிருக்காரு பாரு."

"மெதுவாப் பேசுங்க," என்றாள் இன்னாசி.

கீழத்தெருவில் ஒரு கைக்குழந்தை நாக்கு வறண்டு செத்தது. அடக்கம் முடிந்த கையோடு சந்தியாகு போய் மடையைத் திறந்தான். இன்னாசியும் கூட நின்று பலகையைத் தூக்கினாள். ஊரே குடம் குடமாகப் பிடித்தது. சாயங்காலம் அவனை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள். குற்றம், அரசின் தூய்மைக்கு ஊறு விளைவித்தது. தண்டனை, மரணம்.

ஊர் முணுமுணுத்தது. வாங்கிய பீப்பாய்களில் பாதி சேறு என்று பக்கத்து நாட்டுக்காரர்கள் கூச்சல் போட்டதால், தார்சிஸையும் பெயருக்கு உள்ளே தள்ள வேண்டியதாயிற்று. அப்போதுதான் திவான் நான்காவது ஆணையோடு மேடையேறினார்.

"குடிகளே! வருகிற பெரிய வெள்ளியன்று சந்தியாகுவும் தார்சிஸும் இதே மேடையில் நிற்பார்கள். இம்முறை நாடகம் அல்ல. நீங்கள் கேட்பவனுக்கு விடுதலை, மற்றவனுக்கு மரணம். உங்கள் வாய்தான் இனி நீதிமன்றம்!"

இன்னாசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் திறந்த தண்ணீரைக் குடிக்காத வாய் ஊரில் உண்டா? இருந்தாலும் தவக்காலம் நாற்பது நாளும் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"முரசு அடிச்சதும் 'சந்தியாகு'ன்னு சொல்லணும். மறந்துறாதீங்க."

"இதுக்குப் போயிக் கெஞ்சணுமாக்கா? எங்க பிள்ளைங்க உயிரோட இருக்கிறது அவரு விட்ட தண்ணியிலதானே," என்றார்கள். மனதாரத்தான் சொன்னார்கள்.

பெரிய வெள்ளி வந்தது. அதே மேடை, அதே முரசு. திவான் பிலாத்துவின் சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். இயேசு நிற்கும் இடத்தில் சந்தியாகு, எலும்பும் தோலுமாக. பரபாஸ் நிற்கும் இடத்தில் தார்சிஸ், சிறையில் இன்னும் கொஞ்சம் சதை போட்டிருந்தான். திவான் நாடக ராகத்திலேயே இழுத்துக் கேட்டார்.

"யாரை விடுதலை செய்யட்டும்?"

முரசு மூன்று முறை முழங்கியது.

கூட்டம் எப்போதும்போல இன்னாசியைப் பார்த்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் பெயரை நெஞ்சு நிறைய வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். பத்தொன்பது வருடப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது.

"பரபாஸ்!"

அவள் வாயைப் பொத்துவதற்குள் ஊர் மொத்தமும் கத்தியது. எந்த வருடமும் அவ்வளவு ஒற்றுமையாகக் கத்தியதில்லை. "ஐயோ இல்ல! சந்தியாகு! சந்தியாகு!" என்று அவள் அலறினாள். சிலர் திடுக்கிட்டு அவளோடு சேர்ந்தார்கள். அதற்குள் முரசை நிறுத்தாமல் அடிக்கச் சொல்லிவிட்டார் திவான்.

"பதிவானது பதிவானதுதான்," என்று சொல்லிக் கை கழுவினார். ஏரியில் மீந்திருந்த கடைசிச் சொம்பு அது.

அவனைக் குன்றின்மேல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாடகத்தில் அந்த இடத்தில் சந்தியாகுவுக்கு ஒரு வசனம் உண்டு. தெரியாமல் செய்கிறவர்களை மன்னிக்கச் சொல்லும் வசனம். ஊர் அதற்காகக் காத்து நின்றது. அவன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

"வசனத்த மறந்துட்டாரு போல," என்றார் யாரோ.

மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்தது. இன்னாசியே குழி வெட்டிப் புதைத்தாள்.

மூன்றாம் நாள் காலை ஊர் பூவோடு வந்து குழிமேட்டைச் சுற்றி உட்கார்ந்தது. நாடகத்தில் அடுத்தது உயிர்த்தெழும் காட்சிதானே. வெயில் ஏறியது. மண் அசையவில்லை. ஐந்தாவது ஆணையோடு திவான்தான் வந்தார்.

"உங்கள் தீர்ப்பில் மன்னர் பெருமகிழ்ச்சி அடைந்தார். ஆகவே, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உங்களை நிர்வகிப்பவரையும் இப்படியே நீங்கள் கேட்டுப் பெறலாம். முரசு மட்டும் அரசு தரும்."

அவர் பின்னால் தார்சிஸ் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டபடி நின்றான்.

"எம்புருசனக் கொன்னுட்டீங்களே!" என்றாள் இன்னாசி.

"கேட்டது நீங்கள் அம்மா. கொடுத்தது நாங்கள்," என்று திவான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். சுத்தமாகத்தான் இருந்தன.

இன்னாசி தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் அவனைப் புதைத்த மண். கழுவ ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.